மலையில் வீடு, சமவெளியில் குளம்: நீச்சல் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு வீட்டார் செய்ய வேண்டியவை

நீலகிரியிலோ கொடைக்கானலிலோ குடியிருந்துகொண்டு பிள்ளையை நீச்சல் கிளப்பில் சேர்க்க நினைப்பவர்களுக்கு முதல் சிக்கல் தண்ணீரில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. மலைமேல் உள்ள குளங்களில் பெரும்பாலானவை உறைவிடப் பள்ளி, கிளப், ரிசார்ட் மதில்களுக்குள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு எட்டு வயதுப் பிள்ளை வாரா வாரம் போய்ப் பயிற்சி எடுப்பது நடக்கிற காரியமில்லை. ஆகவே கிளப் என்றால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவை. கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு இறங்கி மதுரை. அங்கே ரேஸ் கோர்ஸ் விளையாட்டரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளம் இருக்கிறது.

சென்னையில் வேளச்சேரி குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குச் சொல்லும் யோசனைகள் நமக்கு அப்படியே ஒத்துவராது. "வாரம் ஐந்து நாள் காலையில் கொண்டுவந்து விடுங்கள்" என்று கோச் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். குன்னூரிலிருந்து அப்படிச் செய்தால் பிள்ளை ஒரு மாதத்தில் சுருண்டுவிடும், கூடவே நாமும். இந்த வழிகாட்டி ஆறிலிருந்து பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளின் வீட்டாருக்கு. இதன் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: கை எப்படி விழ வேண்டும், கால் எப்படி அடிக்க வேண்டும் என்பது கோச்சின் பொறுப்பு. சாலை, சூடு, சோறு, தூக்கம் நான்கும் நம் பொறுப்பு. இந்த நான்கும் சரியாக இருந்தால் குறைந்த நாள் பயிற்சியிலேயே பிள்ளை முன்னேறும்.

1. சேர்ப்பதற்கு முன் ஒரு கோடை

நீச்சல் தெரிந்திருப்பதும் கிளப்பில் நீந்துவதும் ஒன்றில்லை. கிளப்பில் ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்ப நீந்த வேண்டும். சறுக்கு மரமும் பந்தும் அங்கே கிடையாது. பிள்ளை 25 மீட்டரை நிற்காமல் நீந்தி, மல்லாந்து மிதந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை விட்டு, அறிமுகமில்லாத மாஸ்டர் சொல்வதைக் கேட்டுச் செய்யும் நிலையில் இருந்தால் போதும். இன்னும் அந்த நிலை வரவில்லை என்றால் முதலில் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் விடுங்கள்.

கோவையிலோ மதுரையிலோ சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால் ஏப்ரல், மே விடுமுறையில் ஒரு மாதம் அங்கே தங்கவைத்து சம்மர் கேம்ப்பில் சேர்த்துப் பாருங்கள். முதல் வாரம் எல்லாப் பிள்ளைக்கும் குதூகலமாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்தில், கை வலிக்கிறது, தண்ணீர் குளிர்கிறது என்ற பிறகும் "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று தானாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்காவிட்டால் பரவாயில்லை, நீச்சல் தெரிந்த பிள்ளையாக ஊர் திரும்பட்டும், அதுவே பெரிய லாபம். பைக்காரா, எமரால்டு, பேரிஜம் என்று நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம் ஆழமான, குளிர்ந்த நீர்நிலைகள்.

2. கிளப்பைப் பார்க்கப் போகும்போது

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் நீங்கள் மட்டும் ஒரு நாள் போய் ஒரு மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். ஒரு கோச்சுக்கு எத்தனை சிறுவர் என்று எண்ணுங்கள். கடைக்குட்டிகளுக்கு யாராவது ஸ்ட்ரோக்கை, அதாவது கை கால் போட்டு நீந்தும் முறையை, திருத்துகிறார்களா, வெறுமனே லேன் லேனாக ஓட்டுகிறார்களா? கோச் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் லைஃப் கார்டு ஒருவர் தனியாக இருக்கிறாரா? ஆழமான பகுதியின் தரையில் இருக்கும் வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாக இருந்தால் அன்றைக்கு அந்தக் குளத்தில் யாரையும் இறக்கவே கூடாது.

குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை அது. கண் எரிச்சலும் இருமலும் அதனால்தான் வருகின்றன. எதோடும் சேராத தனிக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 என்று தினமும் அளந்து பலகையில் எழுதிவைக்கும் இடம் நல்ல இடம். பந்தயம் தொடங்கும்போது ஏறி நின்று பாயும் மேடைக்குக் கீழே ஆழம் குறைந்தது 1.35 மீட்டர் இருக்க வேண்டும் என்பது உலக நீர் விளையாட்டு அமைப்பின் விதி. நம் ஊர்க் குளங்கள் சிலவற்றில் மேடை இருக்கும், ஆழம் இருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீருக்கு அடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்று சிறுவர்களைப் போட்டி போடவிடும் கிளப்பிலிருந்து உடனே வெளியே வந்துவிடுங்கள். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால், மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்கு முன்பே பிள்ளை நினைவிழக்கலாம். சத்தமில்லாமல் நடந்துவிடும்.

அடுத்தது, கேட்கக் கூச்சப்படுவது, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டியது. உடை மாற்றும் அறையில் பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே நேரத்தில் இருக்கிறார்களா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பிள்ளைகள் யாரோடு தங்குகிறார்கள்? கோச் சிறுவர்களுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புகிறாரா? செய்தி எல்லாம் பெற்றோர் இருக்கும் குழுவில்தான் வர வேண்டும். மசாஜ், தனி வகுப்பு, மூடிய அறை எதுவாக இருந்தாலும் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இதைக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் கோச் நமக்கு வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 என்பதைப் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

மலைவாசிகள் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் தனி. ஒன்று, சனி ஞாயிறு மட்டும் வரும் பிள்ளையைப் போட்டிக் குழுவில் வைத்துக்கொள்வீர்களா? இரண்டு, பிள்ளை எந்த மாவட்டத்துக்காக நீந்தும்? வீடும் பள்ளியும் நீலகிரியில், கிளப் கோவையில் என்றால் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது குழப்பம் வரும். பள்ளி வழிப் போட்டி, கிளப் வழிப் போட்டி இரண்டுக்கும் என்ன விதி என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டிக்கு முதல் நாள் இரவு இதற்காக போனில் அலைய வேண்டியிருக்காது.

3. ஒரு இறக்கம், இரண்டு பயிற்சி

இதுதான் நமக்குத் தலையாய விஷயம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 325 மீட்டர். முப்பத்து நான்கு கிலோமீட்டருக்குள் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குகிறோம், 14 கொண்டை ஊசி வளைவுகளோடு. அங்கிருந்து கோவை இன்னும் 35 கிலோமீட்டர். டிராஃபிக் இல்லாத நாளில் இரண்டு மணி நேரம், சீசனில் கணக்கே கிடையாது. கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல். ரயிலில் போகலாமே என்று வெளியூர் உறவினர்கள் கேட்பார்கள். ஊட்டியிலிருந்து மலை ரயில் இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும், ஏற இன்னும் அதிகம். வேடிக்கை பார்க்க நல்லது.

காலை ஆறரை மணிப் பயிற்சிக்கு நாலு மணிக்குப் பிள்ளையை எழுப்பி, மங்கி குல்லாவோடு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் வேண்டாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. வண்டியில் வளைந்து வளைந்து தூங்குவதை அதில் சேர்க்க முடியாது. தூக்கம் குறைந்த பிள்ளை தண்ணீரில் கற்றுக்கொள்வது குறைவு, சளி பிடிப்பது அதிகம்.

மாற்று வழி இது. சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள், மாலைப் பயிற்சி, இரவு கீழே தங்கல், ஞாயிறு காலைப் பயிற்சி, மதியத்துக்குள் மேலே. ஒரு இறக்கத்தில் இரண்டு பயிற்சி கிடைத்துவிடும். தங்க உறவினர் வீடு இல்லாதவர்கள் மலையிலிருந்து வரும் இன்னும் இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து ஒரு சிறு அறையை மாத வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கிளப் ஃபீஸை விட டீசல் செலவுதான் நம்மைத் தின்னும் என்பதால், முறை வைத்து ஒரே வண்டியில் அழைத்துப் போவது இரண்டு வகையிலும் மிச்சம்.

இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுவது நல்லது. பலாப்பழ சீசனில் கல்லாறு, பர்லியார் பக்கம் யானை நிற்கும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் சாலைகளில் காட்டுமாடு எந்த வளைவிலும் குறுக்கே வரும். அக்டோபர், நவம்பர் மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். அப்போது கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அதுவும் மூடினால் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் பயிற்சி தவறினால் எட்டு வயதில் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. இந்த இரண்டு மாதங்களை இடைவேளை என்றே முன்கூட்டிக் கோச்சிடம் சொல்லிவிடுங்கள், மனசு பதறாது. ஏப்ரல், மே சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுவார்கள், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மலைக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இருக்கும் இ-பாஸ் முறையில் உள்ளூர்ப் பதிவு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் கோவை மாமா தன் காரில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக இருந்தால் அவருக்குப் பாஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால், புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. பின் சீட்டின் நடுவில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, முன்னால் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் போன் கொடுக்கவே கூடாது. வாந்தி மாத்திரைகள் பலவும் தூக்கத்தை வரவைப்பவை, போட்டி நாளில் ஆகாது. இறங்கும்போது காது அடைத்தால் கொட்டாவி விடச் சொல்லலாம், எதையாவது மெல்லக் கொடுக்கலாம். கடுமையான சளியோடு மூக்கு அடைத்திருக்கும் பிள்ளையை அன்றைக்கு இறக்காதீர்கள். காற்றழுத்தம் கூடக் கூட காது வலி உயிர் போகும், அதே காதோடு தண்ணீரிலும் முங்கினால் இன்னும் மோசம்.

4. நனைந்த பிள்ளை, குளிர்ந்த மலை

போட்டிக் குளத்து நீர் 25 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். கேட்க இதமான சூடாகத் தோன்றும், ஆனால் தண்ணீர் உடல் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். ஒல்லிப் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் நடுங்கிவிடுவார்கள். உதடு நீலம், பேச்சு குழறல், விரல்களைச் சேர்த்து வைக்க முடியாமை ஆகியவை தெரிந்தால் உடனே வெளியே எடுக்க வேண்டும். "இன்னும் ரெண்டு லேன் முடிச்சுட்டு வா" என்று சொல்லும் நேரமில்லை அது.

சமவெளிப் பிள்ளை துவட்டிக்கொண்டு அரைக் கால்சட்டையோடு வீட்டுக்குப் போய்விடும். நம் பிள்ளை 34 டிகிரியிலிருந்து மாலைக்குள் 14 டிகிரிக்கு ஏறுகிறது. அதனால் மேலே ஏறுவதற்கு முன், கீழேயே, தலையை வேர்வரை காயவைக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நீளமான கூந்தல் இருந்தால் அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். நனைந்த நீச்சல் உடையை உள்ளே வைத்துக்கொண்டு மேலே ஸ்வெட்டர் போடுவது கூடாது, முழுதும் மாற்ற வேண்டும். உலர்ந்த உள்ளாடை, காலுறை, ஸ்வெட்டர், குல்லா ஒரு பையில். பிளாஸ்க்கில் சூடான பாலோ ராகிக் கஞ்சியோ. பர்லியார் வந்ததும் ஸ்வெட்டரைப் போட்டுவிடுங்கள், குளிர ஆரம்பித்த பிறகு போடுவதில் பாதிப் பயன்தான்.

தண்ணீரில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டால் முடி குளோரினை அவ்வளவாக இழுக்காது. வெளியே வந்ததும் ஷவரில் குளித்து, காதுகளைச் சாய்த்துத் தண்ணீரை வடித்து, துண்டின் முனையால் வெளிப்புறம் மட்டும் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம். காது மடலை இழுத்தால் வலி என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும், எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பாட்டி வைத்தியம் இந்த இடத்தில் ஆகாது. வீசிங் இருக்கும் பிள்ளை நீந்தலாம், பலருக்கு நல்லதும்கூட. ஆனால் இன்ஹேலர் குளத்தோரமாகக் கோச்சின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொள்ளட்டும்.

5. வாங்க வேண்டியவை, வாங்க வேண்டாதவை

இரண்டு நீச்சல் கண்ணாடி, ஒன்று அறுந்தால் இன்னொன்று. பட்டையைத் தலையில் மாட்டாமலேயே கண்ணில் அழுத்திப் பாருங்கள், ஒரு நொடி ஒட்டி நின்றால் அளவு சரி. உள்பக்கத்தை விரலால் தேய்க்கக் கூடாது, பனி படியாமல் தடுக்கும் பூச்சு போய்விடும். சிலிக்கான் கேப் இரண்டு, உடலோடு ஒட்டிய உடை இரண்டு, பெரிய துண்டு இரண்டு. கிக் போர்டு (கையில் பிடித்துக்கொண்டு காலடி பழகும் பலகை), புல் பாய் (தொடைகளுக்கு நடுவே வைக்கும் மிதவை) போன்றவை பெரும்பாலும் கிளப்பிலேயே இருக்கும். ஆயிரக்கணக்கில் விலை போகும் இறுக்கமான பந்தய உடையைப் பத்து வயதுக்கு வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அமெரிக்காவில் 12 வயது வரையுள்ளவர்களுக்கு அதை 2020-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

6. சாப்பாடு

புரோட்டீன் பவுடர் தேவையில்லை. சோறு, பருப்பு, முட்டை, அவரை, கீரை, பால், நம் ஊர் உருளையும் கேரட்டும் போதும். பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லியும் லேசான சட்னியும், இல்லையென்றால் வாழைப்பழமும் ரொட்டியும். நெய் மிதக்கும் பொங்கல், பூரி, வர்க்கி எல்லாம் நீந்தி முடித்த பிறகு. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் ஏதாவது வயிற்றில் விழ வேண்டும். நாலு கடலை மிட்டாய், ஒரு டம்ளர் பால், பண்ணைக்காட்டு மலைவாழை ஒன்று என்றால் அமிர்தம். பசியோடு மலை ஏறினால் வாந்தியும் வரும், அழுகையும் வரும்.

தண்ணீர் குடிப்பதில் மலைப் பிள்ளைகள் மோசம். குளிரில் தாகமே தெரியாமல் வளர்ந்தவர்கள். குளத்துக்குள்ளேயும் வியர்க்கும், அது கண்ணுக்குத் தெரியாது. கீழே வெயிலும் புழுக்கமும் வேறு. ஸ்டீல் பாட்டிலை லேன் முனையில் வைத்து, இடைவேளை தோறும் இரண்டு மடக்கு குடிக்கப் பழக்குங்கள். மேலே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டில் எப்படியும் வீட்டில் இருக்கும்.

7. குளம் இல்லாத ஐந்து நாட்கள்

நம் உயரத்தைப் பற்றி ஒரு பெருமை உலவுகிறது. உலகத் தர நீச்சல் வீரர்கள் உயரமான இடங்களுக்குப் போய் முகாம் போடுவது உண்மை. ஸ்பெயினின் சியரா நெவாடா 2,320 மீட்டர், அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் 2,100, பிரான்ஸின் ஃபான்ட் ரோமு 1,850. ஊட்டியும் கொடைக்கானலும் குன்னூரும் ஏறத்தாழ அதே உயரங்கள்தான். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டும், உடல் அதற்கேற்ப ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும். ஆனால் அவர்கள் அங்கே போவது பல ஆண்டு பயிற்சி எடுத்த பிறகு, அந்த உயரத்திலேயே குளமும் இருக்கிறது. எட்டு வயதில் முக்கியம் ஸ்ட்ரோக் சுத்தமாக அமைவதுதான், ரத்த அணுக்கள் அதைச் சொல்லித் தராது.

வார நாட்களில் மாலை இருபது நிமிடம் போதும். கயிறு தாண்டல், பிளாங்க், குந்தி எழுதல், கணுக்காலை மடக்கி நீட்டிப் பழகுதல். சுவரில் முதுகு, பின்மண்டை, குதிகால் ஒட்ட நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, காதுகளைப் புஜங்களால் அழுத்திப் பிடிக்கும் நிலை ஒன்று உண்டு. சுவரிலிருந்து உதைத்துக் கிளம்பும்போது உடம்பு அம்பு மாதிரி போக இதுதான் அஸ்திவாரம், தரையிலேயே பழகிக்கொள்ளலாம். டம்பெல் வேண்டாம். வீடியோ பார்த்துவிட்டுப் பிள்ளையின் கைகளைப் பின்னால் முறுக்கி இழுத்து ஸ்ட்ரெச் செய்வதும் கூடாது, தோள் மூட்டு தளர்ந்தால் பின்னாளில் அதுதான் வலிக்கும். மீதி நேரம் கால்பந்து விளையாடட்டும், மரம் ஏறட்டும். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்தைத் தாண்டி முறையான பயிற்சி கூடாது. ஒன்பது வயதென்றால் ஒன்பது மணி, பள்ளிப் பயிற்சியையும் சேர்த்து.

8. காகிதங்கள்

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் போனஃபைடு, மருத்துவத் தகுதிச் சான்று, புகைப்படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும், நகல் போனிலும் இருக்கட்டும். எல்லாச் சான்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று முதலிலேயே சரிபாருங்கள், ஆதாரில் ஒரு தேதி பள்ளியில் ஒரு தேதி என்பது நம் பக்கம் சாதாரணம். கிளப் போட்டிகளில் மேலே போக இந்திய நீச்சல் கூட்டமைப்பின் அடையாள எண்ணும் மாநில நீர் விளையாட்டுச் சங்கம் வழியான பதிவும் வேண்டும், கிளப்பே செய்து தரும். பள்ளிக் கல்வித் துறைப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பையும் தனி வழி. வயதுப் பிரிவு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையை வாங்கிப் படியுங்கள். வயதைக் குறைத்துச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிள்ளைக்குத் தெரிந்தே அது நடக்கும், அதுதான் பெரிய கேடு.

9. முதல் போட்டி

காலை எட்டு மணிக்குப் போட்டி என்றால் முதல் நாளே இறங்கிவிட வேண்டும், வேறு வழி பார்க்காதீர்கள். மாலையில் முடிந்தால் குளத்தை ஒரு முறை காட்டிவிடுங்கள். 25 மீட்டர் குளத்தில் பழகிய பிள்ளைக்கு 50 மீட்டர் குளத்தின் மறுமுனை வேறு ஊர் மாதிரி தெரியும். சுவரில் உதைத்துத் திரும்பும் டர்ன் குறைவதால் டைமிங்கும் கூடும், அதைப் பின்னடைவு என்று எண்ண வேண்டாம்.

அன்று பெரும்பகுதி காத்திருப்பதுதான். ஐம்பது வினாடி நீந்த ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும். நிழல், பாய், உலர்ந்த துண்டு, சீட்டுக்கட்டு, பழம் எடுத்துப் போங்கள். ஹீட் எண்ணையும் (எத்தனையாவது குழுவில் நீந்துவது) லேன் எண்ணையும் பேனாவால் பிள்ளையின் கையில் எழுதிவிடுவது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

விதிகளை வீட்டிலேயே கதை மாதிரி சொல்லிவையுங்கள். குட்டிக் குட்டி விசில்கள் வந்தால் தயாராக வேண்டும், நீண்ட விசிலுக்கு மேடையில் ஏற வேண்டும், பிறகு "டேக் யுவர் மார்க்ஸ்" என்ற சொல் வந்ததும் குனிந்து அசையாமல் நிற்க வேண்டும், ஒலி கேட்டதும் பாய வேண்டும். பேக் ஸ்ட்ரோக் என்றால் முதல் நீண்ட விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டாவதற்குப் பிடியைப் பற்ற வேண்டும். ஒலிக்கு முன் கிளம்பினால் ஒரே தடவையில் தகுதி நீக்கம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை இரண்டிலும் சுவரை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், சிறுவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. பேக் ஸ்ட்ரோக்கை முடிக்கும்போது மல்லாந்தபடியே தொட வேண்டும். தகுதி நீக்கம் ஆனால் என்ன காரணம் என்று கோச் கேட்டுச் சொல்வார், நாம் நடுவரிடம் போய் மல்லுக்கு நிற்கக் கூடாது. முதல் ஆண்டில் இது நடக்காத பிள்ளை அபூர்வம்.

நீந்தி வந்ததும் பிள்ளை முதலில் கோச்சிடம் போகட்டும், பிறகு நம்மிடம். நம் கையில் துண்டு இருந்தால் போதும், ஸ்டாப் வாட்ச் வேண்டாம். "ஏன் கடைசியில வேகம் குறைஞ்சுது?" என்று கேட்கும் அப்பாக்களை கேலரியில் நிறையப் பார்க்கலாம். "குளிருதா கண்ணு? பசிக்குதா?" என்று கேளுங்கள். பந்தயத்தைப் பற்றி அதுவே பேச ஆரம்பித்தால் பேசலாம். வீடு திரும்பும் இரண்டு மணி நேரம் பிள்ளைக்குத் தப்பிக்க வழியில்லாத நேரம், வண்டிக்குள் விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். மேலே வந்ததும் தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டார் எல்லோரும் "ஜெயிச்சியா?" என்றுதான் கேட்பார்கள். "டைவ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்கச் சொல்லி முன்பே போனில் சொல்லிவைப்பது நல்லது.

நேரம் கிடைத்தால் நேரக் கணக்கு எடுக்கும் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். சிறு போட்டிகளில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு, லேன் முனையில் நின்று பார்த்தால் விளையாட்டு புரியும், கேலரியில் கத்தும் ஆசையும் தீரும்.

10. நோட்டுப் புத்தகமும் பொறுமையும்

டைமிங்கை ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம், எந்தக் குளம், எத்தனை மீட்டர், என்ன ஸ்ட்ரோக் என்பதோடு. மற்ற பிள்ளைகளின் டைமிங்கை அதில் எழுதாதீர்கள். பத்து வயதில் முன்னால் போவது பல நேரம் சீக்கிரம் உயரமான பிள்ளை, அவ்வளவுதான். திடீரென்று வளரும்போது கை கால் நீளம் மாறி ஸ்ட்ரோக் குலைந்து டைமிங் பின்னே போகும், சில மாதங்களில் சேர்ந்துகொள்ளும். நெய்வேலியில் வளர்ந்து அங்கே நீச்சல் பழகிய சஜன் பிரகாஷ், 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் 1:56.38 நீந்தி, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தைத் தொட்ட முதல் இந்தியர் ஆனது 2021-இல், 27 வயதில். நம் பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோள் வலி இரண்டு வாரம் தாண்டினால் டாக்டர். மாதவிலக்கு தொடங்கும் வயதை நெருங்கும் பெண் பிள்ளையிடம் அம்மாவோ சித்தியோ முன்பே பேசிவைக்க வேண்டும். அந்த நாட்களில் நீந்துவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும், கிளப்பிலும் காரணம் கேட்டுத் துருவக் கூடாது. மாநில அளவுக்கு மேல் போகும் பிள்ளை என்றால் சளி மாத்திரையைக்கூடக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். சூடோஎஃபெட்ரின் போன்றவை போட்டி நேர ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கின்றன, சிறுவர் என்று விலக்கு கிடையாது.

11. பன்னிரண்டு வயதில் வரும் கேள்வி

வார இறுதிப் பயிற்சியோடு பதினொன்று, பன்னிரண்டு வரை நன்றாகவே ஓட்டலாம். அதற்குப் பிறகு "தினமும் தண்ணீர் வேண்டும்" என்று கோச் சொல்வார், அவர் சொல்வதில் நியாயமும் உண்டு. அப்போது மூன்று வழிகள்: அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு கீழே குடியேறுவது, உறவினர் வீட்டில் விடுவது, குளம் உள்ள உறைவிடப் பள்ளியில் சேர்ப்பது. குளம் இருக்கிறது என்று விளம்பரத்தில் போடும் பள்ளியிடம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதங்களில், எந்தக் கோச் என்று கேளுங்கள்.

ஜூனில் பள்ளி மாற்றுவதற்கு முன், ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினப் பயிற்சியில் விட்டுப் பாருங்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்து இருப்பது எப்படி இருக்கிறது என்று வீட்டில் இருக்கும் சின்னத் தம்பி தங்கைகளிடமும் கேட்க வேண்டும், அவர்களுடைய சனி ஞாயிறுகளும் இத்தனை வருஷம் இதற்கே போயிருக்கின்றன. பிள்ளை வேண்டாம் என்றால் அன்றே கிளப்பை விட்டுவிட வேண்டியதில்லை. போட்டிக் குழுவிலிருந்து விலகி மாதம் இரண்டு முறை நீந்தும் ஏற்பாடு பெரும்பாலான கிளப்புகளில் உண்டு, கட்டணமும் குறைவு. நடப்புப் பருவத்தில் பெயர் கொடுத்த ரிலே பந்தயங்களை மட்டும் நீந்தி முடித்துக்கொடுத்துவிட்டு விலகட்டும், மற்ற மூன்று பிள்ளைகள் அதை நம்பி இருப்பார்கள்.